முடித்துக் கொடுக்காதவர்

நான் போன ஊர்களெல்லாம் என் வாயில் வந்த ஊர்கள். போக வேண்டிய ஊர்கள் வேறு. பெரம்பூருக்குப் போகக் கிளம்பி, டிக்கெட் ஜன்னல் முன்னால் நின்று, பெரம்பூர் வராமல் ஆவடி என்று சொல்லி, ஆவடிக்கே டிக்கெட் வாங்கி, அங்கேயே இறங்கி, அங்கே கிடைத்த வேலையைச் செய்தவன் நான். திக்குவாய்க்காரன் பிழைப்பு அப்படித்தான் போகும். ஐந்தாம் வகுப்பில் பாடத்தை எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். அன்று பள்ளிக்கூடத்திலிருந்து நடக்க ஆரம்பித்தேன். பிறகு எங்கும் ஒரு வருஷம் நிலைக்கவில்லை.

அந்த ஆவடி டிக்கெட் வாங்கிய அன்றுதான் டீச்சரம்மாவை முதலில் பார்த்தேன். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அம்பத்தூர் ஸ்டேஷன். பட்டணம் போகிற வண்டி வரும் நேரம், எனக்குப் பின்னால் பத்துப் பேர். நான் உதட்டை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். ஜன்னலுக்குள் இருந்த ஆள் பென்சிலால் பலகையைத் தட்டினான்.

“இன்னா நைனா, ஊர் பேரு மறந்து பூட்டியா? வில்லிவாக்கமா, வியாசர்பாடியா, மேல்லோகமா?”

வரிசை சிரித்தது. எனக்கு இது பழக்கம். கொஞ்ச நேரம் நின்றால் யாராவது ஒருத்தர் சரியான ஊரைச் சொல்லிவிடுவார்கள். தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். அன்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “இருங்க, அவரே சொல்வாரு” என்றது.

திரும்பிப் பார்த்தேன். கிட்டத்தட்ட முப்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, கையில் மடக்கிய குடை. முகத்தில் இரக்கம் எதுவும் இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டி வந்துடும்மா” என்றான் ஜன்னல் ஆள்.

“வரட்டும்.”

வண்டி வந்தது. வரிசையில் இருந்தவர்கள் என்னையும் அவரையும் சேர்த்துத் திட்டினார்கள். அவருக்கும் அதே வண்டிதான் என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் நகரவில்லை. வண்டி போயேவிட்டது. கடைசியில் நான் ஆவடி என்றேன். அது வந்தது. காசைக் கொடுத்துவிட்டு எதிர் பிளாட்பாரத்துக்கு நடந்தேன். பின்னாலேயே வந்தார்.

“நீ போக வேண்டியது ஆவடி இல்லியே. உதடு ஒட்டினபடியே நின்னுது. ஆவடிக்கு உதடு ஒட்டாது.”

எனக்கு நன்றி வரவில்லை, ஆத்திரம் வந்தது. எத்தனையோ பேர் என்னைக் கேலி செய்திருக்கிறார்கள், ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை.

“ஞாயித்துக்கிழமை அயனம்பாக்கம் வா. ஏரிக்கரைப் பக்கம் எங்க ஊடு. டீச்சர் ஊடுன்னு யாரைக் கேட்டாலும் சொல்வாங்க” என்றார். சொன்னவர் சட்டென்று நிறுத்தி, தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். “கேக்க முடிஞ்சா நீ ஏன் என்கிட்ட வரப்போறே?” என் டிக்கெட்டை வாங்கி, பின்பக்கம் பென்சிலால் ஏரி, மதகு, ஒரு அரசமரம், ஒரு ஓட்டு வீடு என்று வரைந்து கொடுத்தார். டிக்கெட்டை ஆவடியில் பிடுங்கிக்கொண்டார்கள். படம் மனதில் நின்றது.

ஆவடியில் அப்போது பட்டாளத்துக் கிடங்கு பெரிதாகிக்கொண்டிருந்தது. பேர் கேட்காமல் முதுகைப் பார்த்து ஆள் எடுத்தார்கள். பெட்டி இறக்குகிற வேலை. அங்கேயே தகரக் கொட்டகையில் படுக்கை. நாலாவது ஞாயிற்றுக்கிழமை அயனம்பாக்கம் போனேன். பேச்சு வரும் என்ற நம்பிக்கையில் இல்லை. உழவர் வீடு, சோறு இருக்கும் என்று போனேன். இருந்தது.

அவருடைய ஒரே குணம் இதுதான்: யார் பேச்சையும் முடித்துக் கொடுக்க மாட்டார். நாம் எல்லோரும் செய்கிற காரியம் அது. எதிராளி வார்த்தை தேடினால் எடுத்துக் கொடுப்போம், உபகாரம் என்று நினைத்துக்கொள்வோம். அவர் செய்ய மாட்டார். கண்ணை எடுக்காமல் காத்திருப்பார். கேட்க இது பெருமையாக இருக்கும், எதிரில் நின்று பார்த்தால் தெரியும். பிடரியில் ஒரு கை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். தப்ப முடியாது.

அவருடைய அண்ணனுக்கே அது தாங்காது. அண்ணன் நல்ல மனுஷர், சேற்றுக்கால் காய்வதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறவர். தங்கை கல்யாணம் வேண்டாம் என்று பி.ஏ. படித்து, அம்பத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்ப்பது அவருக்குச் சொந்தக்காரர்கள் நடுவில் தலைக்குனிவு. ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தார்.

“மேனாம்பேட்டுலேர்ந்து பொண்ணு கேட்டு ஆள் வந்துகீறாங்கோ. இந்த வாட்டியும் நீ மாட்டேன்னு சொன்னியானா, நான்…”

டீச்சரம்மா நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் நின்றுவிட்டார்.

“இன்னாத்துக்கு இப்படிப் பார்த்துகினு கீறே? எதுனா சொல்லேன்.”

“நீ முடிண்ணா.”

“முடிஞ்சி போச்சி” என்று சொல்லிவிட்டு அண்ணன் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்.

பள்ளிக்கூடத்தில் சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டரையும் அப்படித்தான் செய்தாராம். மேலண்ணம் பிளந்து பிறந்த ஒரு பெண், மூக்கால் ஒரு வரி படித்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் மீதி வரியைத் தானே படித்திருக்கிறார். “சார், அது அவ வரி” என்று சொல்லி, அந்தப் பெண்ணை முதலிலிருந்து படிக்கச் சொன்னாராம். அதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கொடுத்துவிட்டு அடுத்த நாளும் அப்படியே இருந்தார்.

எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது தாளம். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்ததாம். விரலால் தொடையில் தட்ட வேண்டும், ஒரு தட்டுக்கு ஓர் அசை. பெ-ரம்-பூர். விதை நெல் மூட்டைகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து இரண்டு மாதம் தட்டினேன். வந்தது. ஒரு நாள் அம்பத்தூர் ஸ்டேஷனில் தட்டிக்கொண்டே பெரம்பூர் கேட்டேன். ஜன்னல் ஆள் ஏறிட்டும் பார்க்காமல் கொடுத்தான். எனக்குப் பெரம்பூரில் அப்போது ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் போய் இறங்கி, டீ குடித்துவிட்டு வந்தேன். டீச்சரம்மாவிடம் சொன்னபோது எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தார்.

சண்டை முடிந்தது. சர்க்கார் பட்டதாரிகளை மேல்படிப்புக்கு வெளிநாடு அனுப்பப்போவதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. பேச்சுக் கோளாறுகளுக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது என்பது டீச்சரம்மாவுக்கு அந்தப் புத்தகத்தின் முன்னுரையிலிருந்தே தெரியும். இந்தப் பக்கம் அந்தப் படிப்பை அவருக்குச் சொல்லித்தர யாரும் கிடையாது. எழுதிக் கேட்டார். கப்பலில் விவரப் புத்தகங்கள் வந்தன. வயது வரம்பு ஒன்று இருந்தது. அந்த வருஷம் விட்டால் அவருக்கு அடுத்த வருஷம் கிடையாது. அண்ணனும் அதைத்தான் கணக்கு வைத்திருந்தார். அந்த ஒரு வருஷம் பொறுக்கலாம், அதற்கப்புறம் மேனாம்பேட்டுக்காரர்களுக்குச் சரி சொல்லியாக வேண்டும் என்று பேச்சு.

தேர்ந்தெடுக்க முடியாமல் அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அவ்வளவு பொறுமைக்காரர், ஏரிக்கரை மேல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துகொண்டே இருந்தார். கையில் இரண்டு புத்தகம். ஒன்று லண்டன், இரண்டு வருஷம், டிப்ளமா. குரல், மூச்சு, உச்சரிப்பு, ஆஸ்பத்திரியில் பயிற்சி. இடம் ஏறக்குறைய நிச்சயம். மற்றது அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலை, எம்.ஏ. பட்டம். அங்கே இடம் கிடைக்கிறதே கஷ்டம். ஆனால் அந்தத் துறைக்குத் தலைவரே ஒரு திக்குவாய்க்காரராம். அவரே கையெழுத்துப் போட்டு இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

“திக்கினபடியே பாடம் நடத்துறாராம்” என்றார் டீச்சரம்மா. “பசங்க உக்காந்து கேக்கறாங்களாம்.”

“ச-சம்பளம் குடுக்கறாங்கோ, கேக்கறாங்கோ” என்றேன். சிரித்தார்.

இரண்டு இடத்துக்கும் ஒரு விவரணம் எழுதி வைக்க வேண்டும். லண்டன்காரர்கள் கேட்டது, நீங்கள் பயிற்சி கொடுத்துத் தேறிய ஒருவரைப் பற்றி. அமெரிக்காக்காரர்கள் கேட்டது, உங்கள் பயிற்சி பலிக்காமல் போன ஒருவரைப் பற்றி. நான் பெரம்பூர் டிக்கெட் வாங்கிய வாரம் எழுதி வைத்திருந்த குறிப்பையே அவர் முதல் விவரணமாக்கிவிட்டார். அதில் இருந்தவன் நான். இது எனக்குத் தெரியாது.

அதற்குள் கிடங்கில் ஒன்று நடந்தது. நானும் இன்னொருத்தனும் இரும்புப் பெட்டி ஒன்றைத் தூக்கி வருகிறோம். அவன் பின்பக்கமாக நடக்கிறான். அவன் காலுக்குப் பின்னால் படி. சொல்ல வேண்டும். என் இரண்டு கையிலும் பெட்டி. தட்ட விரல் இல்லை. வாய் அடைத்துக்கொண்டது. முன்பெல்லாம் அடைத்தால் உறுமியாவது காட்டுவேன். இந்தத் தட்டுகிற பழக்கத்தில் அதையும் மறந்திருந்தேன், விரலையே தேடினேன். அவன் விழுந்தான், பெட்டி அவன் பாதத்தின் மேல் இறங்கியது. மூன்று விரல் போயிற்று. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலையே கிளம்பிவிட்டேன். செங்குன்றம், பிறகு திருநின்றவூர், பிறகு பூந்தமல்லிப் பக்கம் ஒரு செங்கல் சூளை. அயனம்பாக்கம் பக்கம் திரும்பவில்லை.

கை காலியாக இருக்கிறவனுக்கு ஏற்பட்ட வைத்தியம் அது. கூலிக்காரனுக்குக் கை எப்போது காலி?

சூளைக்கு ஒரு நாள் மத்தியானம் அண்ணன் வந்தார். மாட்டு வண்டியை நிறுத்திவிட்டு, வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைத் தேடினார்.

“எத்தினி எடத்துல தேடறது உன்னிய? ஆவடில கேட்டா செங்குன்றம்ன்றான், அங்க கேட்டா திருநின்றவூர்ன்றான். நாளைக்குக் கோட்டைக்குப் பக்கத்துல ஆபீசுல கூப்ட்டுகீறாங்கோ. உன்னியக் கையோட கூட்டியாரணுமாம். நீ வரலேன்னா எந்தங்கச்சி படிப்பு அவ்ளோதான்.”

“உ-உனக்கு நல்லதுதானே?” என்றேன். கல்யாணத்தைச் சொன்னேன்.

“நல்லதுதான்” என்றார் அண்ணன். கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்தைத் தடவினார். “ராத்திரில எழுந்து எழுந்து ஒக்காருதுப்பா. ஏறு வண்டில.”

அந்த ஆபீசில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வயதான டாக்டர், தமிழர். டீச்சரம்மா ஒரு பக்கம் நாற்காலியில். என்னை நிற்க வைத்தார்கள். டாக்டர் கையில் இரண்டு தாள். அங்கேதான் எனக்கு விஷயம் தெரிந்தது. லண்டனுக்கான தாளில் ஒரு கிடங்குக் கூலி பூரணமாகத் தேறிவிட்டான். அமெரிக்காவுக்கான தாளில் அதே கூலி, முயற்சியில்லாமல் பயிற்சியைப் பாதியில் கைவிட்டுப் போய்விட்டான். இரண்டிலும் என் பேர். விண்ணப்பம் எல்லாம் சர்க்கார் வைத்த இந்த ஒரே கமிட்டி வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், இரண்டு தாளும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

“ஒரு மனுஷன், இரண்டு கதை” என்றார் டாக்டர். “எது நிஜம்? நீ பேசுப்பா. உன் பேர், ஊர், என்ன வேலை, சொல்லு.”

டீச்சரம்மாவைப் பார்த்தேன். இந்த வருஷம் விட்டால் கிடையாது. நான் சரியாகப் பேசிவிட்டால் லண்டன் தாள் நிஜமாகிவிடும், அவர் கப்பல் ஏறிவிடுவார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அங்கே ஒரு விரலால் மணிக்கட்டில் தட்டினேன். பேர் வந்தது. ஊர் வந்தது. சூளை வேலை, நாளுக்கு எத்தனை கல் என்பது வரை வந்தது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

“பேஷ். தேறித்தானே இருக்கான்?” என்று டாக்டர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

“ஐயா, ஒரு நிமிஷம்” என்றார் டீச்சரம்மா. பிறகு என்னிடம், “கையை முன்னால கொண்டாப்பா.”

நான் கொண்டுவரவில்லை.

“கையை முன்னால வச்சுகினு இன்னொரு வாட்டி பேரைச் சொல்லு.”

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் மேஜை விளிம்பில் வைத்தேன். பேர் வரவில்லை. உதடு ஒட்டியது, கண் செருகியது, கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. மூன்று படித்தவர்கள் மூன்று இடத்தில் பார்வையை வைத்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்தவர் தாளைப் பார்த்து என் பேரைச் சொல்லிவிடப் போனார். டீச்சரம்மா கையை நீட்டி அவரைத் தடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அந்தக் கையை அவர் இறக்கவில்லை.

டாக்டர் பேனாவை மூடினார். “நாளை மத்தியானத்துக்குள் ஒரு தாளைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. லண்டன் தாள் நின்றால் இப்போதே ஒப்புதல் தர முடியும், இந்தக் கையை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். மற்றது நின்றால், அமெரிக்காவிலிருந்து என்ன பதில் வருகிறதோ அதுதான். என் கையில் இல்லை.”

வெளியே வந்து சென்ட்ரலுக்கு நடந்தோம். அண்ணன் வண்டியோடு ஊரிலேயே நின்றுவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் நான் நின்றேன். திட்ட ஆரம்பித்தேன். தாளம் போடவில்லை, ஆத்திரத்தில் விரல் நினைவே இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் முட்டி முட்டி வந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் குடையை மடக்கி வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார், என் வாயைப் பார்த்தபடி. பெரிய ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஸ்டேஷன் வாசல்வரை நின்றும் நடந்தும் சொன்னேன். திக்கியதை விட்டுவிட்டு எழுதினால் இவ்வளவுதான்:

“உங்களுக்காகத்தான் பொய் சொன்னேன். அந்தப் படிச்சவங்க எதிர்ல என்னிய ஏன் நிக்க வச்சீங்கோ? யார் பேச்சையும் முடிச்சுக் குடுக்க மாட்டீங்கோ. வண்டியே போனாலும் மாட்டீங்கோ. என் கதையை மட்டும் ரெண்டு காயிதத்துல ரெண்டு மாதிரி முடிச்சிட்டீங்களே. முயற்சி இல்லாம பூட்டேன்னு எப்படித் தெரியும்? என்னியக் கேட்டீங்களா?”

“நீ வரலியேப்பா.”

“பூந்தமல்லிக்கு மாட்டு வண்டி வந்துச்சே. இன்னைக்குத் தேவைன்னா வருது.”

அவர் ஸ்டேஷனுக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு தாள் எடுத்தார். லண்டன் விண்ணப்பத்தின் நகல் அது, சுத்தமாக மை போட்டு எழுதியது. அதைத் திருப்பி, பின்பக்கத்து வெள்ளையில் பேனாவை வைத்தார்.

“ஏன் பூட்டேன்னு சொல்றியா? நீ சொல்றதைத்தான் எழுதுவேன்.”

“ல-லண்டன்?”

“அவங்க கேக்கற ஆளு என்கிட்ட இல்லப்பா.”

பெட்டியைச் சொன்னேன். படியைச் சொன்னேன். விரலைத் தேடியதையும், பின்னால் நடந்தவன் முகத்தையும் சொன்னேன். அவர் தமிழிலேயே எழுதிக்கொண்டு வந்தார். நான் நின்ற இடத்தில் பேனாவும் நின்றது. ஆவடிப் பக்கம் போகிற வண்டி ஒன்று வந்து போனது. இரண்டாவது வண்டியும் போனது. சூளையில் சாயங்காலம் அடுப்பு மூட்டுகிற முறை என்னுடையது, மூன்றாவதை விட்டால் அந்த வேலையும் போய்விடும். மூன்றாவது வண்டி வந்தபோது, இனிமேல் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் ஆரம்பித்திருந்தேன். முதல் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வண்டி அசைந்தது. எழுந்து ஓடி ஏறிவிட்டேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

அவரை அப்புறம் பார்க்கவில்லை. மழைக்குச் சூளையை மூடியதும் நான் அரக்கோணம் பக்கம் போய்விட்டேன். மறுவருஷம் அம்பத்தூரில் அண்ணனைப் பார்த்தேன். அமெரிக்காவிலிருந்து இடம் வந்துவிட்டது, தங்கை பம்பாய் போய்க் கப்பல் ஏறிவிட்டது என்றார். மேனாம்பேட்டுக்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்களாம். அமெரிக்காவுக்கு அனுப்பிய தாளின் நகல் வீட்டில் இருக்கிறது, எனக்குக் காட்டச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது என்றார். போனேன். இங்கிலீஷில் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் படித்துத் தமிழில் சொன்னான்.

பெட்டி இருந்தது, படி இருந்தது, நான் தெருவில் திட்டியது ஒன்று விடாமல் இருந்தது. ‘என் பயிற்சி அவருக்கு ஏன் பலிக்கவில்லை என்பதை அவரிடம் கேட்காமலே ஒரு முறை எழுதினேன், அது தவறு’ என்று டீச்சரம்மா எழுதியதும் இருந்தது. கடைசியில், ‘இனி என்ன வேண்டும் என்று அவரைக் கேட்டேன்’ என்ற இடத்துக்குக் கீழே இரண்டே வரி.

“அவர் சொல்ல ஆரம்பித்தார், ரயில் வந்தது, போய்விட்டார். மீதியை நான் எழுதக்கூடாது.”